நீல மூடி

“நீல மூடின்னா ஆசிட்னு நான் எழுதி ஒட்டியிருக்கேன்க்கா, அலமாரிக் கதவுல—”

“நீலம்னா வெறும் தண்ணிடா! இந்த லேபுக்குள்ள நான் கால் வச்ச நாள்லேருந்து நீலம்னா வெறும்—”

“பிப்ரவரிலயே மாத்தியாச்சு! என் கையால, பெரிய எழுத்துல—”

“எங்கடா எழுதின? காட்டு, பார்ப்போம்.”

“காட்டறேன், வாங்க. சும்மா கத்தாதீங்க.”

“கத்தாம? தாலாட்டுப் பாடட்டுமா?”

பிப்பெட் விறுவிறுவென்று அலமாரிப் பக்கம் போனான். ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒல்லியாய், நெட்டையாய் இருப்பான் என்று வகுப்பே கூடி வைத்த பெயர் அது. வருகைப் பதிவைத் தவிர வேறெங்கும் அவனுடைய நிஜப் பெயர் புழங்கியதில்லை. பின்னாலேயே போனவளுக்கும் அங்கே பெயர் கிடையாது. எட்டு வருஷம் ஒரு குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஏழு வயசுப் பெண்ணுக்குத் தாயான பிறகு, சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலை படிக்க வந்து சேர்ந்தவள். கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அதனால் அத்தனை பேருக்கும் அக்கா.

அலமாரிக் கதவில் தேர்வு அட்டவணை ஒட்டியிருந்தது. பிப்பெட் அதைக் கிழித்தான். அடியில் பஸ் நேர அட்டவணை. அதையும் கிழித்தான். அதற்கும் அடியில், ஓரம் சுருண்ட ஒரு காகிதம். ‘சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது. இனி நீலம் ஆசிட் போட்டது, வெள்ளை போடாதது. கவனம்!’ கவனத்துக்குக் கீழே இரண்டு கோடு வேறு.

“எப்ப எழுதினது இது?”

“பிப்ரவரி ரெண்டாம் வாரம்.”

“அந்த வாரம் என் பொண்ணுக்குக் காய்ச்சல்டா. ஆறு நாள் நான் இந்தப் பக்கமே வரல.”

“கதவுல எழுதினா படிப்பாங்கன்னு நினைச்சேன்க்கா.”

“மேல ரெண்டு அட்டவணை ஒட்டியிருந்தா, ஊடுருவிப் பார்க்க எனக்கென்ன எக்ஸ்ரே கண்ணா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

“சிவப்பு போனதும் வெள்ளைதான் ஆசிட்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்களே, நீங்க ஒரு வார்த்தை கேட்கறதுக்கு என்ன?”

இத்தனை நாளும் சிவப்பு ஆசிட், நீலம் சாதா. சிவப்பு தீர்ந்து அந்த இடத்துக்கு வெள்ளை வந்தால், வெள்ளைதானே ஆசிட்? நீலம் பாட்டுக்கு நீலமாக இருக்கிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்? அவனுக்கு வேறு மாதிரித் தோன்றியிருக்கிறது. ஆசிட் பாட்டில் கண்ணில் அடித்த மாதிரி இருக்க வேண்டும், வெள்ளை கண்ணிலேயே படாது என்று. இரண்டு பேர் நினைத்ததும் நியாயம்தான். கெட்டது அவளுடைய ஆராய்ச்சி.

திங்கட்கிழமைதோறும் பிப்பெட் தன் மோட்டார் பைக்கில் ஊர்க் கோடியிலிருந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் இரண்டு பேருக்குமாக மாதிரி எடுத்து வருவான். அவன் சோதனைக்கு ஆசிட் போட்டுக் கெடாமல் வைத்த பாட்டில். அவள் சோதனைக்கு ஒன்றும் போடாத பாட்டில். இரண்டிலும் தேவைக்கு மேலேயே எடுத்து வருவான்; எது குறைந்தது, எது மிஞ்சியது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவளுடையது ஐந்து நாள் சோதனை. தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, இருட்டில், இருபது டிகிரியில் வைத்துவிட வேண்டும். அழுக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கிருமிகள் அதைத் தின்று, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கும். ஐந்தாம் நாள் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் ஒரு எண் வரும். பெரிய எண்ணானால் அழுக்குத் தண்ணீர். சின்ன எண்ணானால் சுத்தம்.

ஆசிட் போட்ட தண்ணீரில் கிருமி ஏது? செத்த கிருமி சாப்பிடாது. ஆக்சிஜன் அப்படியே இருக்கும். எண் சின்னதாய், அழகாய் வரும்.

பதினாறு திங்கட்கிழமைகளாக அழகாய் வந்துகொண்டிருந்தது. ஆறு, ஐந்து, ஏழு, ஆறு. அதற்கு முன்னால் இருபத்தெட்டு, முப்பத்தொன்று. அதே பிப்ரவரியில்தான் அவள் அங்கே வடிகட்டும் படுகையில் ஓர் அடி உயரத்துக்குக் கரியைக் கொட்டி நிரப்பியிருந்தாள். கரிதான் குறைத்தது என்று அவள் நம்பினாள், அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை நம்பினார், பிப்பெட் கை கொடுத்தான். நூற்றிருபது பக்கத்தில் எழுதி, பைண்டும் செய்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு.

“ஒரு பிஎச் அளவு விட்டுப்போச்சு, அதையும் போட்டுடுங்க” என்று பேராசிரியை இன்று காலையில் சொல்லியிருக்காவிட்டால், அவள் நீல மூடியைத் திறந்து மீட்டரை விட்டிருக்கவே மாட்டாள். ஏழை ஒட்டி நிற்க வேண்டிய முள் ஆசிட் பக்கம், ஒன்று புள்ளி ஒன்பதில் போய் நின்றது. மீட்டர் கெட்டுவிட்டது என்று கழுவிக் கழுவி மூன்று தடவை பார்த்தாள்.

“அக்கா.” பிப்பெட்டின் குரல் இறங்கியிருந்தது. “வியாழக்கிழமை வால்வைத் திறக்கறாங்க இல்ல?”

“அதைத்தான்டா நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்.”

அவள் எண்ணைப் பார்த்துத்தான் நகராட்சி இன்ஜினியர் அந்த முடிவையே எடுத்திருந்தார். சுத்தம் செய்த தண்ணீரை இனி வாய்க்காலில் வீணாக விட வேண்டாம், பக்கத்துக் குளத்துக்குத் திருப்பிவிடலாம் என்று. வியாழன் காலை பத்து மணிக்குத் திறப்பு. மூன்று தெருக்காரர்கள் குளிக்கிற குளம்.

“அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? மேடம்கிட்ட சொல்லும்போது என் பேரை இழுக்காதீங்க. அவங்ககிட்டயேதான் நான் அடுத்து பிஎச்டி சேரணும்.”

“உன் பேரே யாருக்கும் தெரியாது, போடா.”

சிரிக்கலாமா என்று பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

பேராசிரியை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொல்லி முடித்தபோதும் தலை நிமிரவில்லை.

“எத்தனை எண் போச்சு?”

“பதினாறு, மேடம்.”

“படுகைக்கு உள்ளே வர்ற தண்ணிக்கும் நீல மூடிதானே எடுத்தீங்க? அது எண் சரியாத்தானே இருந்தது? இருநூறு, இருநூத்துப் பத்துன்னு?”

இந்த இடத்தில் அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. ஆமாம், அது சரியாக இருந்ததே! அப்படியானால் மூடி மாறவில்லையோ? வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு நின்றாள்.

“மேடம்… உள்ளே வர்ற தண்ணி ரொம்ப அழுக்கு. அதனால குப்பிக்கு ஒரு ஸ்பூன்தான் ஊத்துவோம், மீதி நல்ல தண்ணி. அந்த ஒரு ஸ்பூன் ஆசிட்டை நல்ல தண்ணி முழுங்கிடும், அதுல நாம கலக்கற கிருமி பிழைச்சுக்கும். வெளியே வர்றது சுத்தம்னு நினைச்சு அரைக் குப்பி ஊத்தினேன். அதுல…”

“அதுல ஆசிட் நின்னுடுச்சு.”

“ஆமா, மேடம்.”

அவள் வாயாலேயே அவள் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“நீங்க ஒரே ஒரு பாட்டில்லதான் பிஎச் பார்த்திருக்கீங்க. மத்த பதினஞ்சும் கொட்டியாச்சு. அதனால இது இப்போதைக்கு ஊகம். நாளைக்கே புது மாதிரி எடுத்து வைங்க. அஞ்சு நாள். ஞாயித்துக்கிழமை எண்ணோட வந்து பேசுங்க.”

“வியாழக்கிழமை வால்வு, மேடம்.”

சிவப்புப் பேனா விடைத்தாள் மேலேயே நின்றது.

“அவங்க உங்க எண்ணை வச்சுத் திறக்கறாங்க. நிறுத்தச் சொல்லணும்னா என் கையில வேற எண் வேணும். எண் இல்லாம இன்ஜினியருக்கு என்னன்னு கடிதம் எழுதறது? ‘எங்க மாணவிக்குப் பயமா இருக்கு’ன்னா?”

கடிதத்தில் அப்படியே எழுதினாலும் அது பொய்யாகாது.

வீட்டுக்குப் போனால், வாசலிலேயே மகள் புது நீச்சல் உடையைச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு நின்றாள்.

“அம்மா, வியாழக்கிழமை ஸ்கூலுக்கு லீவு சொல்லிடு. நிலையத்துப் பம்ப் மாமா என்னையும் முதல்ல குளத்துல இறக்கிவிடறேன்னு சொல்லியிருக்காரு.”

“யாரும்மா சொன்னா?”

“போன ஞாயித்துக்கிழமை அங்க போனோமே, அப்பவே சொன்னாரு. அவரும் அவர் பிள்ளைங்களும் நானும்தான் முதல்ல குதிக்கணுமாம். மத்தவங்க பயப்படுவாங்களாம், நாம குதிச்சா அவங்களும் வருவாங்களாம்.”

அவள் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போய்விட்டாள்.

கணவன் அச்சகம் ஒன்றில் பைண்டர். அவளுடைய ஆய்வேட்டை மூன்று பிரதியும் அவனே தைத்து, அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அழுத்தியிருந்தான். மூன்றும் மேஜைமேல் அடுக்கியிருந்தன. ஓரத்தில் ஒட்டியிருந்த தங்கத் தூளை ஊதிக்கொண்டே மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டான்.

“ஒரு மூடிக்கு இத்தனை அமர்க்களமா?”

“மூடியில்லைங்க. அந்தத் தண்ணி.”

“தண்ணி பார்க்க நல்லாத்தானே இருந்தது? ஞாயித்துக்கிழமை நானே பார்த்தேனே. வாடைகூட இல்ல.”

“கரி வாடையை எடுத்துடும், நிறத்தையும் எடுத்துடும். கண்ணுக்குத் தெரியாதது உள்ளேயே இருக்கும்.”

“சரி, நீ வாயே திறக்கலன்னு வை. என்ன ஆகும்?”

“வெள்ளிக்கிழமை தேர்வு முடியும். பட்டம் வந்துடும். ஒண்ணாம் தேதி ஆபீஸ்ல பதவி உயர்வு, புது நாற்காலி.”

“திறந்தா?”

“எல்லாத்தையும் மறுபடி செய்யணும். இன்னும் ஆறு மாசமாவது ஆகும். ரெண்டு வருஷ லீவு இந்த மாசக் கடைசியோட முடியுது. இதுக்கு மேல ஒருநாள்கூடத் தர மாட்டாங்க. பழைய அறை, பழைய ஸ்டூல், பழைய வரைபடம். ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் வச்சுத்தான் இதைப் பார்க்கணும்.”

அவன் ஒரு பிரதியை எடுத்து முதுகைத் தடவினான். கரிப் படுகையின் பெருமையைச் சொல்லும் நீளமான தலைப்பு, இரண்டு வரியில் மின்னியது.

“தங்க எழுத்து ஒருதரம் அழுத்தினா அழியாது. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“இல்ல, சொன்னேன்.”

கோபமாகச் சொன்னானா, வேடிக்கையாகச் சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அவன் மூன்று பிரதிகளையும் எடுத்து, மகள் கை படாத உயரத்தில் கொண்டுபோய் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிப்பெட்டின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவளே நிலையத்துக்குப் போனாள். மடியில் காலி பாட்டில்கள் கலகலவென்று ஆடின. இந்தத் தடவை மூடிக்கு நிறமே வேண்டாம் என்று எல்லா மூடியிலும் காகிதம் ஒட்டி எழுதியிருந்தாள்.

பம்ப் ஆபரேட்டர் வாசலுக்கே ஓடி வந்தார். நாற்பது வயசு இருக்கும். காக்கிச் சட்டையின் பையில் எப்போதும் ஒரு ஸ்பானர். பதினோரு வருஷமாக ஊரின் அழுக்கைக் காவல் காக்கிறவர் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார். நிலையத்துக்கும் குளத்துக்கும் நடுவில்தான் அவர் குடியிருப்பு.

“வாங்க டாக்டரம்மா! என்ன, செவ்வாய்க்கிழமையில? ஏய் நெட்டை, நேத்துத்தானே வந்துட்டுப் போனே?”

“நான் டாக்டர் இல்லண்ணே. எத்தனை தடவை சொல்றது? அது வேற படிப்பு.”

“எனக்கு நீங்க டாக்டர்தான். இந்தப் படுகைக்கு மருந்து போட்டுக் குணப்படுத்தினது யாரு? எங்க தெருவுல போய்க் கேளுங்க. ‘ஆறு’ன்னா சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். வாசல் போர்டைப் பார்த்தீங்கல்ல?”

பார்த்தாள். ‘வெளியேறும் நீர்: 6’ என்று சாக்பீஸில், பூப் போட்ட மாதிரி வளைத்து எழுதியிருந்தது.

“நாளைக்கு அதைப் பெயிண்ட்லயே எழுதிடப்போறேன். இன்ஜினியர் வர்றப்ப மழை கிழை வந்து அழிஞ்சுடக் கூடாது பாருங்க.”

பிப்பெட் அவள் முழங்கையை இடித்தான். சொல்லுங்க என்று அர்த்தம். அவள் மூடியைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்.

“சும்மா ஒரு செக்குக்கு வந்தோம்ண்ணே. கடைசித் தடவை.”

“செக் பண்ணுங்க, செக் பண்ணுங்க. எனக்குச் செக்கே வேணாம்.” வெளியேறும் குழாய் வாயில் இரண்டு கையையும் குவித்துப் பிடித்தார். கண்ணாடி போன்ற தண்ணீர், உள்ளங்கை ரேகை தெரிந்தது. அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

“அண்ணே! வேணாம்—”

“ஏன், சளி பிடிக்குமா?” முகமெல்லாம் சொட்டச் சொட்டச் சிரித்தார். “எங்க தெரு ஆளுங்க பேசினதை நீங்க கேட்டிருக்கணும்மா. ‘சாக்கடைத் தண்ணியைக் குளத்துல விடறான், இவன் பேச்சைக் கேட்டுக் குளிக்கணுமாம்’னாங்க. நான் சொன்னேன், என் பிள்ளைங்களை முதல்ல இறக்கறேன்டா, அப்புறம் நீங்க இறங்குங்கன்னு. அதோட வாயடைச்சுப் போச்சு. உங்க பொண்ணும் வருதுல்ல?”

“வரும்… பார்ப்போம்ண்ணே.”

திரும்பி வரும் வழியில் பிப்பெட் பைக்கை ஓரம் கட்டினான்.

“ஏன்க்கா சொல்லல?”

“என்னன்னுடா சொல்றது? தண்ணி கெட்டதுன்னா? கெட்டதான்னே எனக்குத் தெரியாது. ஒருவேளை கரி நிஜமாவே வேலை செஞ்சிருந்தா? எண் ஆறா இல்லாம பத்தா இருந்தா? பத்தும் நல்ல எண்தானே? அந்த மனுஷனை ஊர் சிரிக்க வச்சுட்டு, ஞாயித்துக்கிழமை வந்து ‘தப்பாச் சொல்லிட்டேன், தண்ணி நல்லாத்தான் இருக்கு’ன்னு நிக்கறதா?”

“அப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும்…”

“வண்டியை எடுடா. வெயில்ல பாட்டில் சூடாகுது.”

அன்று மத்தியானமே இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். முதல் காரியமாக பிஎச். ஏழு புள்ளி ஒன்று. சாதுவான தண்ணீர். அரைக் குப்பி ஊற்றினது ஐந்து, கால் குப்பி மூன்று, ஒரு ஸ்பூன் மூன்று, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் நல்ல தண்ணீர் இரண்டு. கண்ணாடி மூடிகளைத் திருகி, காற்று புகாதபடி மூடியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, இருட்டுப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கினாள். பெட்டிக் கதவு சாத்தினதும், அதற்குள்ளே தன்னையே பூட்டிவைத்த மாதிரி இருந்தது. இனி ஞாயிறு வரை திறக்கக் கூடாது. திறந்தால் அந்தக் குப்பி வீண்.

புதன்கிழமை மத்தியானம் வரை தாக்குப்பிடித்தாள்.

“அரைக் குப்பில அஞ்சு வச்சோம் இல்ல? ஒண்ணைத் திறப்போம்.”

“அக்கா, ஒரு நாள்தான் ஆகுது.”

“தெரியும்.”

“மேடத்துக்குத் தெரிஞ்சா, அஞ்சு நாள் சோதனையை ஒரு நாள்ல திறந்தா அது சோதனை இல்ல, எட்டிப் பார்க்கறதுன்னு சொல்லுவாங்க.”

“எட்டித்தான் பார்க்கப்போறேன். நல்ல தண்ணிக் குப்பியும் ஒண்ணு எடு.”

இரண்டு குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு மருந்தை அடியில் விட்டு, மூடித் தலைகீழாய் ஆட்ட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் தேயிலை வண்டல் மாதிரி பழுப்பாய்த் திரளும். முதல் வருஷத்து முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

நல்ல தண்ணீர்க் குப்பியைப் பிப்பெட் ஆட்டினான். பழுப்புத் திரள் குபுகுபுவென்று எழுந்தது.

அவள் தன்னுடையதை ஆட்டினாள். வெள்ளை.

இன்னொரு தரம் ஆட்டினாள். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளைத் திரள், மெதுவாக அடியில் இறங்கி உட்கார்ந்தது. பழுப்பு பேருக்குக்கூட இல்லை.

“மருந்து சரியா விட்டீங்களாக்கா?”

“நீயே இன்னொண்ணைத் திற.”

திறந்தான். அதுவும் வெள்ளைதான். பிப்பெட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

“அஞ்சு நாளைக்கு வர வேண்டிய ஆக்சிஜனை ஒரே நாள்ல காலி பண்ணியிருக்கு. கரி போடறதுக்கு முன்னாடிகூட இப்படி இருந்ததில்லையேக்கா.”

“கரி அடைச்சுக்கிட்டிருக்கும்டா. படுகைக்குள்ள காத்தே போயிருக்காது. வெளியே கண்ணாடி, உள்ளே அழுகல். நாலு மாசமா நான்தான் அதைக் கெடுத்துக்கிட்டே, ஆறு, அஞ்சுன்னு எழுதிக்கிட்டிருந்திருக்கேன்.”

பேராசிரியையிடம் வெள்ளை படிந்த இரண்டு குப்பிகளையும் கையிலேயே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“எண் என்ன?”

“எண் வராது மேடம். ஆக்சிஜன் தீர்ந்தே போச்சு. இவ்வளவுக்கு மேலன்னு சொல்லலாம், இவ்வளவுன்னு சொல்ல முடியாது. கம்மியா ஊத்தின குப்பிங்க இருக்கு. அதுலதான் ஞாயித்துக்கிழமை வரும்.”

“அப்ப ஞாயிறு வரைக்கும் உங்ககிட்ட எண் இல்ல.”

“இல்ல, மேடம்.”

“பழைய எண் தப்புன்னு மட்டும் எழுதலாம். அது உங்க கையெழுத்துல வரணும். நான் கீழே போடறேன். ஆனா அது போனா, வெள்ளிக்கிழமைத் தேர்வு இல்ல. யோசிச்சுக்குங்க.”

“யோசிச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டாள். யோசித்திருக்கவில்லை. யோசித்தால் கை எழுதாது என்று பயந்து, அங்கேயே, விடைத்தாள் கட்டின்மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். ‘பிப்ரவரி முதல் நான் கொடுத்த பதினாறு எண்களும் தவறு. ஆசிட் கலந்த மாதிரியில் செய்தது. தவறு என்னுடையது.’

கூட வந்திருந்த பிப்பெட் எட்டிப் பார்த்துக் கனைத்தான். “எங்களுடையதுன்னு போடுங்கக்கா.”

“பிஎச்டி?”

“போடுங்க. அப்புறம் நான் மாத்திச் சொல்லிடப்போறேன்.”

இன்ஜினியர் கடிதத்தை வாங்கிப் படித்தார். மேஜைமேல் நாளைய அழைப்பிதழ்கள் கட்டுக் கட்டாக இருந்தன. “தப்புங்கறீங்க. சரியானது என்னன்னு கேட்டா தெரியாதுங்கறீங்க. நான் மேல என்னன்னு சொல்ல? பார்க்கறேன்” என்றார். அந்தப் பார்க்கிறேனுக்கு என்ன பொருள் என்று கேட்பதற்குள் அவருடைய போன் அடித்தது. கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

“வால்வுச் சாவி யாருகிட்ட இருக்கும்?” என்றாள் வெளியே வந்ததும்.

“ஆபரேட்டர்கிட்ட.”

“பைக்கை எடு.”

சாயங்கால வெயில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள். ஆபரேட்டர் வாசல் போர்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, மறு கையில் பிரஷ். வால்வுச் சக்கரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியாகிவிட்டது. கொஞ்சம் தள்ளி அவருடைய பையனும் பெண்ணும் குளத்துப் படியில் உட்கார்ந்து, யார் முதலில் குதிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க டாக்டரம்மா. பாருங்க, ஆறோட வால் சரியா வளைஞ்சிருக்கா?”

ஈரம் காயாத ஆறு பளபளவென்று நின்றது.

“அண்ணே, பிரஷைக் கீழே வைங்க.”

“ஏம்மா? ஒரு கோடுதான் பாக்கி.”

“அந்த எண் தப்புண்ணே.”

“எது, ஆறா? ஏழா ஆயிடுச்சா? ஏழும் பரவாயில்ல, மாத்திடலாம்.”

“ஏழும் இல்ல. நாலு மாசமா நான் சொன்ன எதுவுமே சரியில்ல. ஆசிட் போட்ட பாட்டிலை எடுத்துச் சோதனை பண்ணியிருக்கேன். மூடி மாறிப்போச்சு.”

“என்னது?”

“மூடி, அண்ணே. பாட்டில் மூடி” என்றான் பிப்பெட். “நான் நிறத்தை மாத்தினேன். அக்காவுக்குச் சொல்லல.”

ஆபரேட்டர் ஒருவர் முகத்தை விட்டு மற்றவர் முகத்துக்கு மாறி மாறிப் பார்த்தார். விளையாடுகிறார்கள் என்று முதலில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அது அப்படியே நின்று, பிறகு போயிற்று.

“நேத்து நான் முகம் கழுவினப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்தது.”

“இருந்தும் செக்குக்கு வந்தேன்னீங்க.”

குளத்தங்கரையில் பையன் தங்கையை “நீ பயந்தாங்கொள்ளி” என்று கத்தினான்.

“தண்ணி கெட்டதா, சொல்லுங்க.”

“கெட்டதுதான்ண்ணே. முன்னாடி இருந்ததைவிட மோசம். கரி அடைச்சிருக்கு. எவ்வளவு மோசம்னு ஞாயித்துக்கிழமைதான் சொல்ல முடியும். நாளைக்கு அதைக் குளத்துல விட்டா மீனெல்லாம் மூச்சு முட்டி மிதக்கும். குளோரின் போட்டாலும் அந்தத் தண்ணில நிக்காது. பிள்ளைங்க இறங்கவே கூடாது.”

“இன்ஜினியர்கிட்ட சொன்னீங்களா?”

“கடிதமே கொடுத்துட்டேன். பார்க்கறேன்னாரு.”

“பார்க்கறேன்னாரா.” ஆபரேட்டர் சட்டைப் பையைத் தொட்டார். ஸ்பானருக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து கிணுங்கியது. அதை எடுக்கவில்லை, பிடித்தபடியே இருந்தார். “மூணு தெருவுக்கும் நான் வாக்குக் கொடுத்திருக்கேன்ம்மா. யாரும் இன்ஜினியரைக் கேட்கப்போறதில்ல, உங்களையும் கேட்கப்போறதில்ல. என்னைத்தான் கேட்பாங்க.”

“நானும் வந்து நிக்கறேன்ண்ணே. நானே சொல்றேன்.”

“என்னன்னு?”

ஆபரேட்டர் ஸ்டூலின் அடியில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்தார். ஈரமாயிருந்த ஆறின் மேல் அழுத்தித் தேய்த்தார். வளைந்த வால் முதலில் போயிற்று, பிறகு வயிறு. எண் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல் மட்டும் மிஞ்சியது. ‘வெளியேறும் நீர்’ என்ற எழுத்தும் இரண்டு புள்ளியும் அப்படியே இருந்தன.

பிரஷை மறுபடி டப்பாவில் முக்கி எடுத்து, சொட்டுப் போக ஓரத்தில் வழித்து, அவள் பக்கம் திரும்பினார்.

“காலையில ஜனங்க வந்து முதல்ல இந்த போர்டைத்தான் பார்ப்பாங்க. சொல்லுங்க டாக்டரம்மா, என்ன நம்பர் எழுதட்டும்?”